பரபரப்பான சாலையை நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் பஸ்ஸுக்கும் ஏற்றபடி மாற்ற: முதல் தடவை இறங்குபவர்களுக்கு

எங்கள் குழுவில் ஆறு பேர். ஒருவரும் பொறியாளர் இல்லை. தினமும் கடந்து போகிற நான்குவழிச் சாலை ஒன்றை மாற்றிக் காட்ட வேண்டும் என்று கிளம்பினோம். முதல் ஒன்றரை வருடம் வீணாகப் போனது. எதிர்ப்பு வந்து நின்றுபோயிருந்தால்கூடப் பெருமைப்பட்டிருக்கலாம். எங்களை எதிர்க்கும் அளவுக்குக்கூட யாரும் மதிக்கவில்லை. காரணம், எதை முதலில் செய்வது என்றே எங்களுக்குத் தெரியாது. முதலில் அழகாகப் படம் வரைந்தோம், அப்புறம் அளவெடுத்தோம், கடைசியில்தான் சாலை யாருடையது என்று விசாரித்தோம். எல்லாம் தலைகீழ்.

இன்றைக்கு மறுபடி தொடங்கினால் எந்த வரிசையில் போவேனோ, அதே வரிசையில் கீழே எழுதியிருக்கிறேன். அளவுகள் ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். உங்கள் ஊரில் புழங்கும் சாலை வடிவமைப்புக் கையேட்டை ஒருமுறை புரட்டிவிட்டு இதைப் பயன்படுத்துங்கள்.

1. சாலை யாருடையது?

ஒரே சாலையில் ஐந்தாறு பேருக்குப் பங்கு இருக்கும். தார்ப்பரப்பு ஒரு துறையிடம், நடைபாதை இன்னொரு துறையிடம், சிக்னல் மூன்றாவது துறையிடம். பஸ் நிறுத்தம் பேருந்து நிறுவனத்தின் கையில். மழைநீர் வடிகாலைக் கவனிப்பவர் வேறு, வேக வரம்பைத் தீர்மானிப்பவர் வேறு. நகரத்துக்கு நடுவே ஓடுகிற பெரிய சாலைகள் பல நேரம் நகராட்சியிடம் இருக்காது, நெடுஞ்சாலைத் துறையிடம் இருக்கும்.

நாங்கள் எட்டு மாதம் ஓர் அலுவலகத்துக்கு மனுமேல் மனுவாகப் போட்டோம். ஒவ்வொன்றுக்கும் ரசீது வந்தது. “பரிசீலனையில் உள்ளது” என்று பதிலும் வந்தது. அது அவர்களுடைய சாலையே இல்லை என்பதை ஒன்பதாவது மாதம் ஓர் இளநிலைப் பொறியாளர் போகிற போக்கில் சொன்னார்.

அதனால் முதல் கடிதத்தில் கோரிக்கை எதுவும் வைக்காதீர்கள். இந்தச் சாலையின் எந்தப் பகுதிக்கு எந்த அலுவலகம் பொறுப்பு என்று மட்டும் எழுத்தில் கேளுங்கள். பதில் வந்ததும், உரிய இடங்களில் இந்த ஆவணங்களுக்கு விண்ணப்பியுங்கள்:

- சாலையின் சட்டப்படியான முழு அகலம் காட்டும் நில அளவை வரைபடம்
- கடைசியாக எடுத்த போக்குவரத்துக் கணக்கெடுப்பு
- கடந்த 5 ஆண்டு விபத்துப் பதிவுகள் (இடம், நேரம், யார்மேல் எது மோதியது)
- நிலத்தடிக் குழாய், கேபிள், வடிகால் வரைபடம்
- சிக்னல் நேர அட்டவணை
- பஸ் வழித்தடம், நிறுத்தவாரியாக ஏறி இறங்குவோர் எண்ணிக்கை
- மறுதார் போடும் திட்டத்தின் கால அட்டவணை

தகவல் பெறும் உரிமைக்குச் சட்டம் இருக்கும் ஊரில் அதன்படியே கேளுங்கள். வாய்மொழியாகக் கேட்டால் வாய்மொழியாகத்தான் பதில் வரும், கோப்பில் வைக்க எதுவும் இருக்காது. எல்லாம் கைக்கு வர இரண்டு, மூன்று மாதம் ஆகலாம். அதுவரை மூன்றாவது படியில் உள்ள வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

2. அடுத்து எப்போது தார் போடப்போகிறார்கள்?

மேலே உள்ள பட்டியலின் கடைசி ஆவணம்தான் எல்லாவற்றிலும் முக்கியம். இது எங்களுக்குத் தெரிய இரண்டு வருடம் ஆனது.

புதிதாகத் தார் போட்டால் பழைய கோடுகள் எல்லாம் மறைந்துவிடும். எப்படியும் புதுக் கோடு போட்டே ஆக வேண்டும். பழைய இடத்தில் போட்டாலும் செலவு அதேதான், ஒரு மீட்டர் தள்ளிப் போட்டாலும் கிட்டத்தட்ட அதேதான். நான்கு தடம் இருந்த இடத்தில் இரண்டு தடமும் சைக்கிள் பாதையும் வர இதைவிட மலிவான சந்தர்ப்பம் கிடைக்காது. தண்ணீர்க் குழாயோ வடிகாலோ மாற்றத் தோண்டினாலும் இதே கதைதான். தோண்டும் செலவை வேறொருவர் ஏற்றுக்கொண்டிருப்பார்.

ஒரு பொறி உண்டு. தார் லாரி வந்து நிற்கும்போது போய்க் கேட்டால் காலம் கடந்துவிட்டது என்று அர்த்தம். கோட்டு வரைபடம் டெண்டரோடு சேர்ந்தே பல மாதம் முன்பு முடிவாகியிருக்கும். குறைந்தது ஒரு நிதியாண்டு முன்னதாகப் போங்கள். உங்கள் சாலை அடுத்த மூன்று வருடத்துக்கு அட்டவணையிலேயே இல்லையென்றால் அதுவும் பயனுள்ள செய்திதான். நிரந்தர மாற்றத்தை அதுவரை ஒத்திவைத்துவிட்டு, பெயிண்டும் கம்பங்களும் வைத்துச் செய்யும் சோதனைக்கு முயலலாம்.

3. டேப்பை எடுத்துக்கொண்டு இறங்குங்கள்

கட்டடச் சுவரிலிருந்து எதிர்ச் சுவர்வரை அளக்க வேண்டும். தார் அகலத்தை மட்டும் அளந்து கொண்டுபோய்த்தான் நாங்கள் முதல் கூட்டத்தில் தலைகுனிந்தோம். எங்கே மிகக் குறுகலோ அங்கே கட்டாயம் அளக்க வேண்டும், ஏனென்றால் முழு வடிவமைப்பையும் தீர்மானிப்பது அந்த இடம்தான். பஸ் நிறுத்தங்களிலும் சந்திப்புகளிலும் தனித்தனியாக அளந்துகொள்ளுங்கள். விடியற்காலையில் போனால் வேலை பாதியாகும். ஒளிரும் மேல்சட்டையும் வண்டி வருகிறதா என்று பார்க்க ஒரு துணையும் இல்லாமல் போக வேண்டாம்.

அப்புறம் எண்ணிக்கை. வண்டிகளை எண்ணும் வேலை எல்லாத் துறைகளும் செய்வதுதான், நீங்கள் மனிதர்களை எண்ணுங்கள். ஒரு காரில் எத்தனை பேர், ஒரு பஸ்ஸில் தோராயமாக எத்தனை பேர், எத்தனை பேர் நடந்தார்கள், எத்தனை சைக்கிள். வேலை நாளில் காலை நெரிசல், நண்பகல், மாலை நெரிசல், கூடவே ஒரு விடுமுறை நாள். முடிந்தால் மழை நாள் ஒன்றும் வேண்டும், அன்றைக்குத்தான் நடைபாதையில் எங்கே தண்ணீர் தேங்கி மக்கள் தார்மேல் இறங்குகிறார்கள் என்பது தெரியும்.

எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் படம் மாறும். மூன்று நிமிடத்துக்கு ஒரு பஸ், பஸ்ஸுக்கு 50 பேர் என்றால் மணிக்கு 1,000 பேர். பக்கத்துத் தடத்தில் மணிக்கு 600 கார், காருக்கு சராசரி 1.5 பேர் என்றால் 900 பேர். இடம் யாருக்கு எவ்வளவு கொடுத்திருக்கிறோம் என்ற கேள்வி தானாக எழும். வட அமெரிக்க நகரப் போக்குவரத்து அதிகாரிகளின் சங்கமான நாக்டோ, சுமார் 3 மீட்டர் அகலத்தில் மணிக்கு எத்தனை பேர் போகலாம் என்று ஒரு கணக்கு வெளியிட்டிருக்கிறது: கார் தடம் 600 முதல் 1,600 பேர், தனிப் பஸ் தடம் 4,000 முதல் 8,000 பேர், நடைபாதை 8,000 முதல் 9,000 பேர். இதை எடுத்துப்போங்கள். ஆனால் கூட்டத்தில் உங்கள் சாலையின் எண்ணை முதலில் சொல்லுங்கள். வெளியூர்க் கணக்கு என்றால் “அது அங்கே” என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிடுவார்கள்.

வேகத்தை அளக்கக் கருவி தேவையில்லை. 50 மீட்டர் இடைவெளியில் இரண்டு மரமோ விளக்குக் கம்பமோ தேர்ந்தெடுங்கள். 50 மீட்டரை 6 வினாடியில் கடக்கும் வண்டி மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் போகிறது. 3.6 வினாடி என்றால் 50, 3 வினாடி என்றால் 60. நெரிசல் இல்லாத நேரத்தில் 100 வண்டியை அளந்து, மெதுவிலிருந்து வேகம்வரை வரிசைப்படுத்தி, 85ஆவது வண்டியின் வேகத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பொறியாளர்கள் புழங்குவது இந்த எண்ணைத்தான். சராசரி வேகத்தைக் கொண்டுபோனால் மீண்டும் அளந்துவரச் சொல்வார்கள். சராசரி வேகம் 1 சதவீதம் கூடினால் உயிர்ப்பலி விபத்துக்கான அபாயம் 4 சதவீதம் கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வேகத்தைக் கொஞ்சம் குறைப்பதற்கே இவ்வளவு மெனக்கெடுவது இதனால்தான்.

கடக்கும் நேரத்தையும் கணக்கிடுங்கள். 14 மீட்டர் அகலச் சாலையை வினாடிக்கு 1.2 மீட்டர் நடப்பவர் கடக்க ஏறக்குறைய 12 வினாடி ஆகும். 0.9 மீட்டர் நடக்கும் முதியவருக்குப் பதினாறு. சிக்னல் எத்தனை வினாடி தருகிறது என்று போய் நின்று பாருங்கள். எங்கள் சாலையில் பதினொன்று.

விபத்துப் பதிவில் மரணங்களை மட்டும் பார்க்காதீர்கள். ஒரு சாலையில் மரணம் குறைவாகத்தான் இருக்கும், அதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. காயங்களைச் சேர்த்துப் பாருங்கள். போலீஸ் பதிவில் ஏறாத சின்ன மோதல்கள் நிறைய உண்டு. அங்கே தினமும் நிற்கும் கடைக்காரர்களிடம் கேட்டால் இடம் சுட்டிக் காட்டுவார்கள்.

4. அகலத்தைப் பங்கு போடுங்கள்

இங்கேதான் வலி. எல்லாருக்கும் எல்லாமும் கொடுக்க முடியாது என்பது காகிதத்தில் முதல்முறை தெரியும்.

மனதில் வைக்க வேண்டிய அளவுகள்: நடைபாதையில் மரம், கம்பம், பெட்டி எதுவும் இல்லாத சுத்தமான நடையிடம் குறைந்தது 1.8 மீட்டர் வேண்டும், இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே கடக்கும் அளவு அது. கார் தடத்துக்கு 3 முதல் 3.2 மீட்டர் போதும். பஸ்ஸின் உடல் அகலம் சுமார் 2.5 மீட்டர், கண்ணாடிகளைச் சேர்த்தால் 3 மீட்டரைத் தொடும். அதனால் பஸ் தடத்துக்கு 3.2 முதல் 3.5 மீட்டர். ஒருவழிச் சைக்கிள் பாதைக்கு 1.8 முதல் 2 மீட்டர். அதற்கும் வண்டிகளுக்கும் நடுவே 0.6 மீட்டராவது இடைவெளி இருக்க வேண்டும். பக்கத்தில் கார் நிறுத்துவார்கள் என்றால் இடைவெளியை ஒரு மீட்டர் ஆக்குங்கள், இல்லையென்றால் திறக்கிற கதவு சைக்கிள்காரரைச் சாய்த்துவிடும்.

ஓர் உதாரணம். 20 மீட்டர் சாலை. இப்போது இரு பக்கமும் 2 மீட்டர் நடைபாதை, நடுவில் 3.5 மீட்டரில் நான்கு தடம், ஒரு பக்கம் 2 மீட்டர் பார்க்கிங். கூட்டினால் சரியாக 20. இதையே மாற்றிப் போடலாம்: நடைபாதை 2.5 மீட்டர் வீதம் இரண்டு, சைக்கிள் பாதை 1.8 வீதம் இரண்டு, இடைவெளி 0.6 வீதம் இரண்டு, பொதுத் தடம் 3.2 வீதம் இரண்டு. மொத்தம் 16.2. மிச்சம் 3.8 மீட்டர். இதில் ஒரு திசையில் மட்டும் 3.3 மீட்டர் பஸ் தடம் போடலாம், அல்லது ஒரு பக்கம் பார்க்கிங்கும் மரமும் வைக்கலாம். இரண்டும் சேர்ந்து வராது. எந்தத் திசையில் பஸ் அதிகம் மாட்டிக்கொள்கிறதோ அந்தத் திசைக்குப் பஸ் தடம் கொடுப்பேன் என்பது என் கட்சி. எங்கள் குழுவிலேயே இரண்டு பேர் இன்னும் மரத்தின் பக்கம்தான்.

பஸ் அதிகம் ஓடாத நான்குவழிச் சாலையா? திசைக்கு ஒரு தடம், நடுவில் திரும்புவதற்கு ஒரு தடம் என்று மூன்றாக்குவதை யோசியுங்கள். நான்கு தடம் இருக்கும்போது கடப்பவரைப் பார்த்து முதல் தடத்து வண்டி நிற்கும். அந்த வண்டியே மறைத்துவிடுவதால் அடுத்த தடத்தில் வருபவருக்கு ஆள் தெரியாது. பல விபத்துகள் இப்படித்தான். திசைக்கு ஒரே தடமாக்கினால் அந்த மறைப்பே இல்லை. இப்படி மாற்றிய சாலைகளில் விபத்துகள் 19 முதல் 47 சதவீதம் குறைந்ததாக அமெரிக்கக் கூட்டாட்சி நெடுஞ்சாலை நிர்வாகம் சொல்கிறது. நாளொன்றுக்கு 20,000 வண்டிகள்வரை போகும் சாலைகளை இதற்கு ஏற்றவையாகவும் அது கருதுகிறது. அதற்கு மேல் போனால் சந்திப்புகளைத் தனியாக ஆராயாமல் கேட்காதீர்கள்.

பொறி: குறுக்குவெட்டுப் படத்தை (சாலையைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் எதற்கு எவ்வளவு அகலம் என்று காட்டும் படம்) சாலையின் அகலமான இடத்தில் மட்டும் வரைந்துவிட்டு மகிழ்ந்துபோவது. குறுகலான இடம், பஸ் நிறுத்தம், சந்திப்பு என்று குறைந்தது மூன்று குறுக்குவெட்டு வேண்டும். மேலே சொன்ன 20 மீட்டர் கணக்குகூட பஸ் நிறுத்தம் வரும் இடத்தில் உடையும். பயணிகள் நின்று ஏறும் திட்டுக்கு 2.4 மீட்டராவது தேவை. அங்கே நடைபாதையும் சைக்கிள் பாதையும் சேர்ந்து விட்டுக்கொடுத்தாக வேண்டும்.

5. சந்திப்புக்குப் பாதி நேரத்தை ஒதுக்குங்கள்

நடுச்சாலையை எவ்வளவு அழகாக்கினாலும், வண்டிகள் திரும்பும் இடத்தில்தான் நடப்பவரும் சைக்கிளும் அடிபடுகிறார்கள். பல திட்டங்களில் சைக்கிள் பாதை சந்திப்புக்கு 30 மீட்டர் முன்பே மாயமாகிவிடும். அதாவது எங்கே தேவையோ அங்கே இல்லை.

முனையின் வளைவைக் கூர்மையாக்குவது முதல் வேலை. வளைவு பெரிதாக இருந்தால் வண்டி வேகம் குறைக்காமல் திரும்பும், கடக்கும் தூரமும் நீளும். 3 முதல் 5 மீட்டர் ஆரம் பெரும்பாலான நகரச் சந்திப்புகளுக்குப் போதும். இங்கே ஒரு மறுப்பு நிச்சயம் வரும்: “பெரிய லாரி திரும்ப முடியாது.” எந்த வண்டியை வைத்து வளைவைக் கணக்கிட்டீர்கள் என்று கேளுங்கள். மாதம் ஒருமுறை வரும் மிகப்பெரிய லாரிக்காகத் தினம் ஆயிரம் பேர் கடக்கும் முனையை அகலமாக்கியிருப்பார்கள். அந்த லாரி எதிர்த் தடத்தைக் கொஞ்சம் தொட்டுக்கொண்டு மெதுவாகத் திரும்பலாம் என்று பெரும்பாலான கையேடுகள் அனுமதிக்கின்றன. தீயணைப்பு வண்டி விஷயம் வேறு. அதில் சமரசம் கேட்காமல், அந்தத் துறையையே முதலில் போய்ப் பார்த்து அவர்கள் வண்டியின் அளவை வாங்கி வரைபடத்தில் ஓட்டிக் காட்டுங்கள்.

கடக்கும் கோட்டுக்கு முன்னால் 6 மீட்டருக்கு எந்த வண்டியும் நிற்க விடாதீர்கள். பலகை வைத்தால் மட்டும் நடக்காது. அங்கே சைக்கிள் நிறுத்தமோ பூந்தொட்டியோ நடைபாதை நீட்சியோ வேண்டும். அகலமான சாலைக்கு, கடப்பவர் பாதியில் நின்றுகொள்ள நடுத்திட்டு அவசியம், அதன் அகலம் 2 மீட்டராவது இருக்க வேண்டும். சைக்கிளின் நீளம் சுமார் 1.8 மீட்டர், அதைவிடக் குறுகலான திட்டில் பின்சக்கரம் தார்மேல் நிற்கும்.

சிக்னலில் பைசா செலவில்லாத மாற்றம் ஒன்று இருக்கிறது. நடப்பவர்களுக்கு வண்டிகளைவிட 3 முதல் 7 வினாடி முன்னதாகப் பச்சை காட்டுவது. வண்டி திரும்ப ஆரம்பிக்கும்போது அவர்கள் சாலை நடுவில் கண்ணில் படும்படி இருப்பார்கள். நடப்பவருக்கென்று தனி விளக்கு ஏற்கெனவே இருந்தால் பல இடங்களில் பெட்டிக்குள் நேரத்தை மாற்றினாலே போதும். கூடவே மொத்தச் சுற்று நேரத்தை, அதாவது எல்லாத் திசைக்கும் ஒருமுறை பச்சை வந்து முடியும் நேரத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். அரை நிமிடத்துக்கு மேல் காத்திருக்க வைத்தால் மக்கள் சிவப்பிலேயே இறங்கிவிடுவார்கள். அவர்களைத் திட்டிப் பயனில்லை.

சக்கர நாற்காலிச் சரிவு 1:12க்கு (12 மீட்டர் நீளத்துக்கு 1 மீட்டர் உயரம்) மேல் செங்குத்தாகக் கூடாது. பார்வையற்றோருக்கான புடைப்புத் தரையோடு கடக்கும் கோட்டுக்கு நேராக அமைய வேண்டும். இவற்றை நீங்கள் காகிதத்தில் பார்த்துப் புரிந்துகொள்வதைவிட, சக்கர நாற்காலி பயன்படுத்துபவர் ஒருவரையும் வெள்ளைக்கோல் பயன்படுத்துபவர் ஒருவரையும் அழைத்துக்கொண்டு சாலையின் முழு நீளமும் ஒருமுறை நடந்து பாருங்கள். எங்கள் வரைபடத்தில் அன்று ஒரே பிற்பகலில் பதினான்கு திருத்தம்.

6. பஸ் நிறுத்தம்

நிறுத்தத்தைச் சிக்னலைத் தாண்டி வைப்பது பெரும்பாலும் நல்லது. பஸ் பச்சையில் கடந்து நின்றுவிடும், இறங்கியவர்கள் பஸ்ஸுக்குப் பின்னால் கடப்பார்கள். பஸ் ஒதுங்கி நிற்கக் குடைந்த இடம் இருந்தால் அதை மூடிவிட்டு, நடைபாதையைத் தடம்வரை நீட்டச் சொல்லுங்கள். ஒதுங்கிய பஸ் மறுபடி போக்குவரத்தில் நுழையக் காத்திருக்கும் நேரம் மிச்சமாகும். கதவு மூடியதிலிருந்து பஸ் தடத்துக்குள் வரும்வரை எத்தனை வினாடி என்று இருபது பஸ்ஸுக்கு அளந்தால் பேருந்து நிறுவனமே உங்கள் பக்கம் வந்துவிடும்.

சைக்கிள் பாதையை நிறுத்தத்துக்குப் பின்புறமாக வளைத்து விடுவது இப்போது பரவலான முறை. ஒரு கவலை நியாயமானது: இறங்கி நடைபாதைக்குப் போகும் பார்வையற்றவருக்குச் சைக்கிள் வரும் சத்தம் கேட்காது. அந்த இடத்தில் சைக்கிள் பாதையை நடைபாதை மட்டத்துக்கு உயர்த்தி, குறுகலாக்கி, கடக்கும் கோடு போட்டு, புடைப்புத் தரையும் வைக்க வேண்டும். இது “அப்புறம் பார்க்கலாம்” பட்டியலுக்குப் போனால் வரவே வராது.

7. கடைக்காரர்களிடம் கூட்டத்துக்கு முன்பே போங்கள்

எதிர்ப்பு வருவது பெரும்பாலும் பார்க்கிங்கிலிருந்துதான். அதனால் பார்க்கிங்கை நீங்களே எண்ணுங்கள். அரை மணிக்கு ஒருமுறை சாலையை நடந்து, நிற்கும் வண்டியின் பதிவெண்ணில் கடைசி மூன்று இலக்கத்தை மட்டும் குறியுங்கள். முழு எண் வேண்டாம், தேவையும் இல்லை. எந்த வண்டி எவ்வளவு நேரம் நின்றது என்று மாலையில் தெரிந்துவிடும். எங்கள் சாலையில் காலை எட்டுக்கு நின்று மாலை ஆறுக்குக் கிளம்பியவை பெரும்பாலும் கடைகளில் வேலை செய்பவர்களின் வண்டிகளே. வாடிக்கையாளருக்கு இடமே இல்லை என்ற புகார் உண்மைதான், காரணம்தான் வேறு. இதை மேடையில் சொன்னால் சண்டை. கடைக்குள் உட்கார்ந்து தனியாகச் சொன்னால் யோசிப்பார்கள்.

சரக்கு ஏற்றி இறக்கும் இடத்தை மறந்தால் திட்டம் முதல் வாரத்திலேயே தோற்கும். லாரி சைக்கிள் பாதையில் நிற்கும், வேறு வழியில்லை. ஒவ்வொரு கடைக்கும் எத்தனை மணிக்கு, எவ்வளவு பெரிய வண்டி வருகிறது என்று கேட்டு ஓர் அட்டவணை போடுங்கள். பக்கத்துத் தெருவின் தொடக்கத்தில் இரண்டு இறக்குமிடம் ஒதுக்கினாலே பாதிப் பிரச்சினை தீரும். மாற்றுத்திறனாளிகளுக்கான நிறுத்துமிடத்தை எக்காரணம் கொண்டும் குறைக்காதீர்கள்.

கருத்துக்கேட்புக் கூட்டம் ஒரே நேரத்தில் மட்டும் வேண்டாம். நாங்கள் வேலை நாளின் நண்பகலில் வைத்தோம். கடைக்காரர்கள் வந்தார்கள், பஸ்ஸில் போகிறவர்களும் பள்ளிக்கு நடக்கிறவர்களும் ஒருவர்கூட வரவில்லை. பஸ் நிறுத்தத்திலேயே ஒரு மேசை போட்டு வரைபடத்தை விரித்து வைத்ததில் கிடைத்த கருத்துகள் எந்த மண்டபக் கூட்டத்திலும் கிடைக்கவில்லை.

8. கோப்பில் என்ன இருக்க வேண்டும்

ஒரு பக்கச் சுருக்கம் மேலே. அதன் பின் இப்போதைய, மாற்றிய குறுக்குவெட்டுகள்; மனிதர் எண்ணிக்கை, வேகம், விபத்து, பார்க்கிங் அட்டவணைகள்; நிலத்தடி வரைபடம்; தீயணைப்பு, ஆம்புலன்ஸ், பேருந்து நிறுவனம் ஆகியோரின் கடிதங்கள்; செலவு மதிப்பீடு; பிற்பாடு பராமரிப்பவர் யார் என்ற பக்கம். இந்தக் கடைசிப் பக்கம் இல்லாததால் எங்கள் கோப்பு ஒருமுறை திரும்பி வந்தது. சைக்கிள் பாதையைக் கூட்டும் இயந்திரம் அதன் அகலத்துக்குள் நுழையுமா என்று கேட்டார்கள். நல்ல கேள்வி. எங்களிடம் பதில் இல்லை.

கணினியில் வரைந்த வண்ணப்படத்துக்குப் பணம் செலவழிக்காதீர்கள். மக்களுக்குப் பிடிக்கும், பொறியாளருக்கு அதனால் பயனில்லை. அவருக்குத் தேவை அளவு போட்ட கோட்டுப்படம். ஒவ்வொரு அலுவலகத்திலும் கொடுத்த தேதியோடு முத்திரை வாங்கிய நகலைப் பத்திரப்படுத்துங்கள். அதிகாரி மாற்றலாகிப் போனால் அந்தக் கோப்பில் உங்களுக்கு மிஞ்சுவது அதுதான்.

9. பணம் எங்கே போகிறது

மலிவிலிருந்து தொடங்கினால் வரிசை இப்படி: சிக்னல் நேரம் மாற்றுவது, பெயிண்ட், பிளாஸ்டிக் கம்பம், பூந்தொட்டி, போல்ட் போட்டு இறுக்கும் ஓரக்கல், பொருத்திக் கழற்றும் பஸ் திட்டு. இவ்வளவும் ஒரு பக்கம். ஓரக்கல்லை நிரந்தரமாக நகர்த்துவது என்று வந்தால் செலவு வேறொரு தளத்துக்குத் தாவும். காரணம் கல் இல்லை, தண்ணீர். சாலையில் விழும் மழைநீர் ஓரக்கல்லை ஒட்டி ஓடித்தான் வடிகாலுக்குள் இறங்குகிறது. கல் நகர்ந்தால் வடிகால் வாயும் நகர வேண்டும், சில நேரம் சாலையின் சரிவையே மாற்ற வேண்டும். கீழே கேபிளோ குழாயோ இருந்தால் அதுவும் நகரும். எங்கள் முதல் மதிப்பீடு இரண்டு மடங்கானதும் அப்படித்தான். வரைபடத்தில் இல்லாத ஒரு பழைய வடிகால் சோதனைக் குழியில் தென்பட்டது.

அதனால் மதிப்பீடு போடுமுன் நாலைந்து இடத்தில் சோதனைக் குழி தோண்டச் சொல்லுங்கள். வடிகாலைத் தொடாமல் நடைபாதை நீட்சி வேண்டுமென்றால், பழைய ஓரக்கல்லுக்கும் புதுத் திட்டுக்கும் இடையே தண்ணீர் ஓட வாய்க்கால் விட்டு மேலே இரும்பு மூடி போடலாம். அழகு குறைவு, வேலை நடக்கும். எதிர்பாராச் செலவுக்கு ஐந்தில் ஒரு பங்காவது ஒதுக்குங்கள். பராமரிப்பை ஆண்டுச் செலவாகத் தனி வரியில் காட்டுங்கள். பெயிண்ட் தேயும், கம்பம் ஒடியும், அதற்குப் பணமில்லையென்றால் இரண்டே வருடத்தில் சாலை பழையபடி ஆகிவிடும்.

10. சோதனை ஓட்டம்

நிரந்தரமாகக் கட்டுமுன் பெயிண்ட், கம்பம், தொட்டி வைத்து ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் 2009 மே மாதம் பிராட்வே சாலையை வண்டிகளுக்கு மூடியபோது மடக்கு நாற்காலிகளைப் போட்டுத்தான் ஆரம்பித்தார்கள். அளந்து பார்த்தபின், அடுத்த ஆண்டு பிப்ரவரியில் நிரந்தரம் என்று அறிவித்தார்கள்.

முதல் மூன்று வாரம் கேவலமாக இருக்கும். முன்கூட்டியே எல்லாரிடமும் அதைச் சொல்லிவையுங்கள். ஓட்டுநர்கள் வேறு வழியும் வேறு நேரமும் கண்டுபிடிக்க நாளாகும். அதனால் ஒரு மாதச் சோதனைக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள், குறைந்தது ஆறு மாதம். பக்கத்துத் தெருக்களிலும் சோதனைக்கு முன்பே வண்டிகளை எண்ணிவைக்க வேண்டும். எங்களை மாட்டிவைத்தது இதுதான். “எல்லா வண்டியும் எங்கள் தெருவுக்கு வந்துவிட்டது” என்றார்கள். உண்மையா இல்லையா என்று சொல்ல எங்களிடம் பழைய எண் இல்லை.

எந்த எண் எவ்வளவு மாறினால் வெற்றி என்பதைத் தொடங்குமுன் எழுதி, துறையின் கையெழுத்தும் வாங்கிவிடுங்கள். இல்லையென்றால் முடிவில் யார் சத்தம் அதிகமோ அவர்கள் சொன்னதே முடிவு.

கால அளவு பற்றிக் கேட்பீர்கள். முதல் கடிதத்திலிருந்து பெயிண்ட் சோதனைவரை ஒரு வருடத்துக்குள் முடிந்தால் அதிர்ஷ்டம். நிரந்தரக் கட்டுமானம்வரை மூன்று முதல் ஐந்து வருடம் என்று மனதைத் தயார்செய்துகொள்ளுங்கள்.

11. வேலை நடக்கும்போது

வரைபடம் ஒப்புதலானதும் வீட்டுக்குப் போய்விடாதீர்கள். ஒப்பந்ததாரருக்குப் போகும் டெண்டர் ஆவணத்தில் வேலை நடக்கும் காலத்துக்கான தற்காலிக நடைவழி இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் வண்டிகளுக்கு மாற்றுவழி இருக்கும், நடப்பவருக்கு “எதிர்ப்பக்கம் செல்லவும்” என்ற பலகை மட்டும் இருக்கும்.

கான்கிரீட் இறுகுவதற்கு முன்னால் வாரம் இரண்டு முறை போய்ப் பாருங்கள். சரிவின் அடியில் படி மாதிரி விளிம்பு நிற்கிறதா, சைக்கிள் பாதையில் வடிகால் மூடியின் கம்பிகள் சக்கரம் போகும் திசையிலேயே இருக்கின்றனவா, மின்பெட்டி நடைபாதை நடுவில் வந்து உட்கார்ந்துவிட்டதா, வண்டி ஏறாமல் தடுக்கும் குட்டைத் தூண்களுக்கு நடுவே சக்கர நாற்காலி நுழையுமா. நுழைய 1.2 மீட்டர் வேண்டும், 1.5க்கு மேல் விட்டால் கார் ஏறிவிடும். குறைகளைப் புகைப்படத்தோடு பட்டியலிட்டு, இறுதித் தொகை கொடுக்கும் முன்பு துறையிடம் கொடுங்கள். தொகை போனபின் கொடுத்த பட்டியல் எங்களுடையது இன்னும் யாரோ ஒருவர் மேசையில் கிடக்கிறது.

திறந்தபின் ஒரு வருடம் கழித்து, முதலில் எண்ணிய அதே மாதம், அதே கிழமை, அதே மணிநேரங்களில், அதே படிவத்தை வைத்து மறுபடி எண்ணுங்கள். படிவத்தின் வெற்று நகல்களை முதல் நாளே கோப்போடு சேர்த்துக் கட்டி வைத்துவிட்டால் தேட வேண்டியிருக்காது.